செங்கமலத்தில் தண்ணீர் வரவில்லை

குழாயைத் திறந்ததும் அது இரண்டு முறை இருமியது. துருக் கலந்த நீர் கொஞ்சம் வாளியின் அடியில் விழுந்து, நின்றுவிட்டது. கௌசல்யா தோளில் துண்டும் கையில் பிரிக்காத சோப்புமாக அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சோப்பு உறையில் சிவப்புத் தாமரை. மதுரையிலும் கோவையிலும் திருச்சியிலும் செங்கமலம் ஓட்டலில் அவள் தங்கியிருக்கிறாள். எந்த ஊரானாலும் கதவுக்கு இடப்பக்கம் சுவிட்சு, கட்டிலில் கரைபோட்ட வெள்ளை விரிப்பு, காலையில் கதவைத் தட்டி வரும் பித்தளை டபராவில் காபி. அந்த நம்பிக்கையில்தான் இந்த மலையாள ஊரில் வேலை பார்க்கும் மகள் அனுஷா, தான் இருக்கும் கழக்கூட்டத்தில் ஒரு தோழியின் வீட்டில் தங்கலாம் என்று சொன்னபோது வேண்டாம் என்றாள். முன்பின் தெரியாத ஊரில், முன்பின் தெரியாத மனுஷியைப் பார்க்கப் போகிறோம். தங்கும் இடமாவது தெரிந்ததாக இருக்கட்டும் என்று நினைத்தாள்.

இங்கே விரிப்பில் ஈர வாடை அடித்தது. காபி வரவேயில்லை. இப்போது தண்ணீரும் இல்லை. பதினோரு மணிக்கு ஓட்டலின் சாப்பாட்டுக் கூடத்தில் ஷிபுவின் அம்மாவைச் சந்திக்க வேண்டும். அனுஷாவோடு ஒரே ஆபீசில் வேலை பார்க்கும் பையன் ஷிபு. இரண்டு வருஷமாக அவனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று நிற்கிறாள். கணவர் கோபப்படவில்லை; அதுதான் கௌசல்யாவுக்குப் பயமாக இருந்தது. திருநெல்வேலி பஸ் ஸ்டாண்டில் பையை எடுத்துக் கொடுத்தபோது, "நீ போயி அந்தம்மாவைப் பாத்துட்டு வா. நீ சரின்னா சரி. நீ வேண்டாம்னா அதோட அந்தப் பேச்சு முடிஞ்சுது," என்று மட்டும் சொன்னார். மத்தியானம் போன் செய்வதாகவும் சொன்னார். முப்பது வருஷத்தில் ஒரு மிக்சி வாங்கும் முடிவைக்கூட அவளிடம் விடாதவர், இதை மொத்தமாகத் தூக்கி அவள் தலையில் வைத்துவிட்டார்.

வரவேற்பு மேஜையைக் கூப்பிட்டாள். எடுத்தவன் செல்வின், களியக்காவிளைக்காரன். நேற்று சாயங்காலம் பதிவு போட்டவனும் அவன்தான். "இன்னைக்கு பொங்காலை இல்லியாம்மா? பகவதிக்கு ஊரு பொம்பளையெல்லாம் ரோட்டுல அடுப்பு போட்டு பொங்கல் வைக்குத நாளு. டேங்கு வெள்ளம் பூரா ரோட்டுல உள்ள பொம்பளையளுக்கு ஹோஸு போட்டு விட்டாச்சு. வருஷாவருஷம் அப்படித்தான், கேட்டியளா? சாயந்தரம் வரும்," என்றான். சாப்பாட்டுக் கூடம் திறந்திருக்குமா என்று கேட்டாள். சமையல் செய்பவர்களில் பாதிப் பேர் தெருவில்தான் அடுப்பு போட்டிருக்கிறார்கள் என்றான், சிரித்துக்கொண்டே.

கட்டிலில் உட்கார்ந்தாள். நாள் குறித்தது அவள்தான். காலண்டரில் நல்ல நேரம் பார்த்து, மாசி மாதத்தில் இந்த நாளைச் சொன்னபோது, அன்றைக்கு எங்களுக்கு லீவு என்றாள் அனுஷா. அந்த அம்மாவும் அன்றைக்கு எப்படியும் சிட்டியில் இருப்பேன் என்று சொல்லியனுப்பினாள். எல்லாம் தானாகக் கூடிவருகிறது என்று கௌசல்யா பூரித்துப்போனாள். ஊரே ஏன் லீவு என்று கேட்கத் தோன்றவில்லை. நேற்று ஆட்டோவில் வரும்போது சாலையோரம் நெடுகச் செங்கல் அடுக்கியிருந்ததைப் பார்த்து ரோடு வேலை என்றுதான் நினைத்தாள்; அடுப்புக் கற்கள் என்று தெரியாது. ஓட்டல் படிக்கட்டை ஒட்டியும் மூன்று செங்கல். பெட்டி இடித்தது. ஏதோ ஒரு எரிச்சலில், வழியை மறைத்து இப்படி வைத்தால் எப்படி என்று செல்வினிடம் சத்தம் போட்டாள். பக்கத்தில் குந்தியிருந்த ஒரு பெண் எழுந்து மூன்று கல்லையும் நகர்த்திக்கொண்டாள்.

அறையைச் சுற்றிப் பார்த்தாள். ஈர வாடை, வராத காபி, வற்றிய குழாய். ஒவ்வொன்றையும் மனசு பத்திரமாக எடுத்து வைத்துக்கொள்வது தெரிந்தது. போனில், "எதுவுமே சரியா அமையலைங்க," என்று ஆரம்பித்தால் போதும். அவருக்கு மீதி புரிந்துவிடும். அனுஷாவை எதிர்த்து அவள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்காது. குழாய் இருமி நின்ற அந்த நொடியில் தனக்குள் ஒரு சின்ன நிம்மதி எழுந்ததை அவள் இப்போதுதான் கவனித்தாள்.

செல்போன் அடித்தது. அனுஷா. "அம்மா, பஸ் எதுவும் ஓடலை, பாதி தூரம் நடந்தே வந்தேன். கீழ வாங்க. ஆன்ட்டி உங்க ஓட்டல் வாசல்லயேதான் அடுப்பு போட்டிருக்காங்க. உங்களையும் பாக்கணும், நேர்ந்துகிட்ட பொங்காலையையும் விடக்கூடாதுன்னு நேத்தே வந்து இடம் பிடிச்சிருக்காங்க."

கௌசல்யாவுக்கு நேற்றைய மூன்று செங்கல் நினைவுக்கு வந்தது. குளிக்காத உடம்பில் பட்டுப் புடவையைச் சுற்றிக்கொண்டாள். லிப்ட் ஓடவில்லை. படியிறங்க இறங்க, வேறு யாராவதாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள். வாசலில் எத்தனையோ பெண்கள் இருப்பார்கள்.

தெரு தெரியாத அளவுக்குப் பெண்கள். ஈரத் தலையில் துளசி, ஜரிகைக் கரை போட்ட கசவுப் புடவை, ஆளுக்கொரு மண்பானை. கோயில் அடுப்பில் ஏற்றிய தீ வரிசை வரிசையாகக் கைமாறி வந்துகொண்டிருந்தது. தூரத்தில் குலவைச் சத்தம் கேட்டது. படிக்கட்டுக்கு ஓரமாய் அனுஷா நின்றாள். அவளுக்குப் பின்னால், நேற்று செங்கல்லை நகர்த்திய பெண்.

"அம்மா, இவங்கதான் ஓமனா ஆன்ட்டி."

ஓமனா நிமிர்ந்து பார்த்தாள். நெடுமங்காட்டுக்காரி, சாலைக் கடைத்தெருவின் தமிழ் வியாபாரிகளிடம் பேசிப் பழகிய தமிழ். "நம்ம நேத்தே கண்டாச்சே," என்றாள். அனுஷா திரும்பி அம்மாவைப் பார்த்தாள். "கல்லு நீக்கினது நல்லதாச்சு. இவிடெ நிழல் உண்டு."

அது குத்தலா, சமாதானமா? முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பக்கத்து அடுப்பிலிருந்து எரியும் ஓலை வந்தது. ஓமனா அதை வாங்கித் தன் அடுப்பில் செருகி, கும்பிட்டாள். தண்ணீர் கொதித்தது. அரிசி போட்டதும் புகையில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அகப்பையைக் கௌசல்யாவிடம் நீட்டினாள்.

கௌசல்யா ஒரு அடி பின்னால் போனாள். குளிக்காமல் சாமி பானையைத் தொடுவதா? தொடாமல் போனால் இந்த அம்மா என்ன நினைப்பாள்? சம்பந்தியாகப் போகிறவளிடம் முதன்முதலாகச் சொல்லும் வார்த்தையா இது?

"நான் இன்னும் குளிக்கலை," என்றாள். "மேல தண்ணி வரலை."

ஓமனா ஓட்டல் சுவரிலிருந்து நீண்டு வந்த பச்சை ஹோஸைப் பார்த்தாள். தன் பக்கத்தில் நிறைந்திருந்த வாளியைப் பார்த்தாள். பானையைப் பார்த்தாள். உதட்டோரம் முதல் தடவையாக ஏதோ அசைந்தது.

"நிங்களோட வெள்ளம் எல்லாம் இதுலதானே கிடக்கு," என்றாள். "கையும் முகமும் கழுவிக்கோ. அது மதி, அது போதும்."

கௌசல்யா குனிந்து வாளிக்குள் கையை விட்டாள். நீர் குளிர்ந்திருந்தது. முகத்தில் அள்ளி அடித்துக்கொண்டபோது கைப்பைக்குள் போன் அடிக்க ஆரம்பித்தது. அனுஷா பைக்குள் எட்டிப் பார்த்தாள். "அப்பா," என்றாள். எடுக்கவில்லை, அம்மாவின் முகத்தையே பார்த்தாள்.

சொட்டும் கையால் கௌசல்யா அகப்பையை வாங்கினாள். போன் நின்று, மறுபடி அடித்தது. பானையின் வாயில் வெள்ளை நுரை திரண்டு ஏறியது. எந்தப் பக்கம் வழியப் போகிறது என்று மூன்று பேரும் குனிந்தார்கள். விளிம்பு வரை வந்த நுரை, அங்கேயே நடுங்கிக்கொண்டு நின்றது.