அசையாத பச்சைக் கோடு

என் கடைக்குக் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களில் பாதிப் பேர் புளுகுவார்கள். "நான் ஒண்ணுமே பண்ணலைங்க, அதுவா நின்னுபோச்சு" என்பார்கள். திறந்து பார்த்தால் உள்ளே டீ கொட்டியிருக்கும். அவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் தம்பி அந்த ரகம் இல்லை. கண்ணால் பார்த்ததை அப்படியே சொல்கிறவன். அந்த முறையும் அப்படியேதான் சொன்னான்.

"படம் வெட்டுதுக்கா," என்றான் போனில். "நல்லாப் பறந்துட்டே இருக்கேன், திடீர்னு ஒரு வெட்டு. ஆத்துக்கு இந்தப் பக்கம் இருந்த விமானம் அந்தப் பக்கம் நிக்குது."

"உன் கம்ப்யூட்டர் வயசுக்கு அது ஆத்தைத் தாண்டுறதே பெருசு. ஞாயித்துக்கிழமை வரேன். அதுவரைக்கும் அதைப் போட்டுப் படுத்தாம இரு."

தம்பி பஸ் டிரைவர். வேலை முடிந்து வந்ததும் வீட்டுக் கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டுவான். டிப்போவில் அவனுக்குப் பேரே பைலட்தான். நாள் முழுக்க ஓட்டிவிட்டு வந்து மறுபடியும் எதையாவது ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாயே, உனக்கு அறிவு இருக்கிறதா என்று நானும் கேட்டுச் சலித்துவிட்டேன். "மேல ஸ்டாப் கிடையாதுக்கா. யாரும் பெல் அடிக்க மாட்டாங்க" என்பான்.

ஆனால் அந்த வாரம் அது வெறும் விளையாட்டாக இல்லை. பல வருஷமாக அவன் கேட்டுக்கொண்டிருந்த மலை ரூட் ஒருவழியாகக் கிடைத்திருந்தது. திங்கட்கிழமை காலை முதல் வண்டி அவனுடையது. ஊரைத் தாண்டி, ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, வளைந்து வளைந்து ஏறிப் போகிற பாதை. கைதேர்ந்த டிரைவர் என்று டிப்போவே ஒத்துக்கொண்டவர்களுக்குத்தான் அதைக் கொடுப்பார்கள். கம்ப்யூட்டரில் அந்த மலையும் பாதையும் அச்சு அசலாக இருந்தன. தம்பி ஒரு குட்டி விமானத்தைத் தாழ்வாக ஓட்டிக்கொண்டு, பாதைக்கு மேலேயே பறந்து, ஒவ்வொரு வளைவையும் மனப்பாடம் செய்துகொண்டிருந்தான். பரீட்சைக்குப் படிக்கச் சொன்ன காலத்தில் இந்த அக்கறை எங்கே போயிருந்தது என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பையைத் தூக்கிக்கொண்டு போனேன். தம்பியின் மனைவிதான் கதவைத் திறந்தாள்.

"வாங்க அண்ணி. சரி பண்றதுக்குப் பதிலா அதை ஒரேயடியா உடைச்சுப் போட்டுட்டுப் போங்க. அது முன்னாடி உக்காந்தா இவருக்குக் காதே கேக்குறதில்ல. பக்கத்துல நின்னு கூப்பிட்டாலும் குத்துக்கல்லாட்டம் இருக்காரு."

"சின்ன வயசுலேர்ந்தே அவனுக்குப் பாதிக் காதுதான். தெரிஞ்சுதானே கட்டிக்கிட்டே?" என்றேன். அவளும் சிரித்தாள்.

படுக்கையறையின் மூலைதான் அவனுடைய விமானம். உட்காருவதற்கு, உடைக்கப்போன ஒரு பழைய பஸ்ஸிலிருந்து கழற்றிவந்த டிரைவர் சீட். அதைப் பலகையில் போல்ட் போட்டு இறுக்கியிருந்தான். விமானத்தைத் திருப்பும் ஜாய்ஸ்டிக்கை இஸ்திரி மேஜையில் ஸ்குரூ போட்டு முடுக்கியிருந்ததால், அவன் மனைவி கட்டிலில் போர்வையை மடித்துப் போட்டுத்தான் துணி தேய்ப்பாள். அன்றும் தேய்த்து முடித்திருந்தாள். மறுநாளைக்கான யூனிபார்ம் கதவில் தொங்கியது.

கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்தேன். உள்ளே ஒரு தலையணைக்குப் போதுமான தூசி. காற்றாடி சுற்ற வழியில்லாமல் முனகிக்கொண்டிருந்தது. சூடு ஏறினால் கம்ப்யூட்டர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், படம் திக்கும். போதாக்குறைக்கு டிஸ்க்கும் பழசு. விமானம் நகர நகரக் கீழே இருக்கிற வீடு, மரம், மலை எல்லாவற்றையும் டிஸ்க்கிலிருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் கிழட்டு டிஸ்க் ஒவ்வொன்றையும் தேடி எடுத்து வரும்வரை விமானம் அந்தரத்தில் காத்துக்கொண்டு நிற்கும். தூசியை ஊதித் தள்ளி, புது டிஸ்க்கைப் பொருத்தி, விளையாட்டு முழுவதையும் அதற்கு மாற்றினேன்.

அது மாறிக்கொண்டிருக்கும்போது தம்பி பேச்சுக்கொடுத்தான். "பஸ்ஸும் இப்படித்தான்க்கா பண்ணுது. ஓடிட்டே இருக்கும்போது ஒரு வெட்டு. போன வாரம் ஒரு ஸ்டாப்பையே தாண்டிப் போயிட்டேன். உள்ள இருந்தவங்க என்னைப் புடிச்சுத் திட்டு திட்டுன்னு திட்டிட்டாங்க."

"மெக்கானிக்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன். ஓட்டியும் பாத்தாரு. வண்டி நல்லாத்தான் இருக்கு பைலட்டுன்னுட்டாரு."

"அந்த ஆளுக்கு ஸ்பேனருக்கும் ஸ்பூனுக்கும் வித்தியாசம் தெரியுமா?" என்றேன். இருவரும் அந்த மெக்கானிக்கை வைத்துச் சிரித்துத் தீர்த்தோம்.

கம்ப்யூட்டரை ஓடவிட்டேன். ஒவ்வொரு படத்தையும் வரைய எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று திரையின் மூலையில் பச்சைக் கோடாகக் காட்டும் ஒரு சின்னப் புரோகிராம் உண்டு. படம் சீராக வந்தால் கோடு தட்டையாகக் கிடக்கும். திக்கினால் முள் மாதிரி எகிறும். தூசி தட்டுவதற்கு முன்பு போட்டுப் பார்த்தபோது அந்தக் கோடு முள்வேலி மாதிரி இருந்தது. இப்போது நூல் பிடித்ததுபோல் நேராக ஓடியது. நானே ஒரு சுற்றுப் பறந்து பார்த்தேன். வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. எழுந்து சீட்டை அவனிடம் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

முதல் வாய் உள்ளே போவதற்குள் கூப்பிட்டான். "அக்கா, வெட்டிடுச்சு."

வந்து பார்த்தேன். கோடு தட்டையாகக் கிடந்தது. மேகத்தைக் குறைத்தேன், நிழலைக் குறைத்தேன், சாலையில் ஓடும் கார்களை எல்லாம் நிறுத்தினேன். அவன் மறுபடியும் கிளம்பினான். நான் கம்ப்யூட்டருக்குப் பின்னால் குனிந்து வயர்களை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது மறுபடியும் அதையே சொன்னான்.

என் ரிப்பேரைக் குறை சொன்னால் எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிடும். "கோடு எங்கயும் எகிறல. நீ வேணும்னே என் உசுர வாங்குறியா?"

"இல்லக்கா. பாலத்துக்கு முன்னாடி இருந்தேன். இப்பப் பாலத்தைக் காணோம்."

அப்போதுதான் எனக்குள் ஏதோ இடறியது. இந்த விளையாட்டு எத்தனை முறை திக்கினாலும் நின்ற இடத்திலிருந்துதான் கிளம்பும். ஒரு பாலத்தை விழுங்கிவிட்டுத் தாவாது. சரி, முழங்காலால் எந்த வயரையாவது இடிக்கிறானோ என்று நினைத்தேன். மறுபடியும் ஓட்டச் சொல்லிவிட்டு, திரையைப் பார்க்காமல் அவனைப் பார்த்தபடி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

ஆறு வரைக்கும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தான். "இந்தா பாலம் வருது. அதுக்கப்புறம் மொத வளைவு இடது பக்கம், அங்க ஒரு பெரிய..."

அதோடு நின்றுவிட்டது. கண் திறந்திருந்தது. வாய் எதையோ மெல்லுவதுபோல் அசைந்தது. இடது கை சட்டைப் பொத்தானைப் பிடித்துத் திருகிக்கொண்டே இருந்தது.

"டேய்," என்றேன்.

திரையில் பாலம் வந்து போனது. பாதை இடது பக்கம் வளைந்தது. விமானம் வளையவில்லை.

"டேய் தம்பி." தோளைப் பிடித்து உலுக்கினேன். அவன் திரும்பவில்லை. மலை நேரே வந்தது, மரங்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன, விமானம் போய் மோதியது. திரை இருண்டது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"பாத்தியா?" என்றான் ஆசையாக. "இப்ப நீயே பாத்தியா? எப்படி வெட்டுச்சு பாரு."

பார்த்தேன். பச்சைக் கோட்டில் ஒரு முள்கூட இல்லை. வாசலில் டீ டம்ளரோடு நின்ற அவன் மனைவியும் பார்த்திருந்தாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

கதவில் யூனிபார்ம் மடிப்புக் கலையாமல் தொங்கிக்கொண்டிருந்தது. ஒன்றுமில்லை, இன்னொரு பாகம் மாற்ற வேண்டும், அடுத்த வாரம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து போயிருக்கலாம். அந்த நிமிஷம் எனக்கு அந்த ஆசை இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் விடிந்தால் நிஜ மலை. பஸ் நிறைய ஆட்கள், அவர்களோடு என் தம்பி. பறந்ததை மறுபடியும் ஓட்டிக் காட்டும் வசதி அந்த விளையாட்டில் உண்டு. அதைத் தட்டினேன்.

"பாரு. பேசாம பாரு."

ஆறு வந்தது. பாலம் மெதுவாக, முழுசாக, ஒரு தூணும் விடாமல் கீழே நகர்ந்தது. வளைவு வந்தது, போனது. மலை வந்தது.

"இது நான் ஓட்டினது இல்லக்கா."

"நீதான்."

"இந்தப் பாலத்தை நான் பாக்கவே இல்லயே."

அவன் மனைவி உள்ளே வந்து அவன் பக்கத்தில் நின்றாள். தம்பி மறுபடியும் போடச் சொன்னான். போட்டேன். இந்த முறை அவன் மூலையிலிருந்த பச்சைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். மலையில் மோதும் வரை அது ஆடவே இல்லை.

"அப்ப வண்டி நல்லாத்தான் இருந்திருக்கு," என்றான்.

எனக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. அவன் பஸ்ஸைச் சொன்னான்.

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் மன்றாடினான். நாளைக்கு ஒரு நாள் மட்டும், மெதுவாக ஓட்டுகிறேன், ஒரே ஒரு தடவை மேலே போய்விட்டு வந்துவிடுகிறேன், அப்புறம் நீ எந்த டாக்டரிடம் கூப்பிட்டாலும் வருகிறேன் என்றான். நான் திட்டினேன். என் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன், அழுகை வராமல் இருக்க எனக்கு அது ஒன்றுதான் தெரியும். அவன் மனைவி திட்டவில்லை. யூனிபார்மைக் கதவிலிருந்து எடுத்து, மடித்து, அலமாரிக்குள் வைத்தாள்.

அதைப் பார்த்ததும் தம்பி அடங்கிவிட்டான். அவனே போனை எடுத்து டிப்போவைக் கூப்பிட்டான். "நாளைக்கு என்னால முடியாது சார். வேற ஆளைப் போட்டுருங்க," என்றான். அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். "இல்ல சார், ஜுரம் எல்லாம் இல்ல." பஸ் சீட்டில் முதுகு நிமிர்த்தி உட்கார்ந்துதான் பேசினான்.

கீழே விழுந்து கைகால் உதறினால்தான் வலிப்பு என்று நாங்கள் நினைத்திருந்தோம். இப்படிக் கண் திறந்தபடியே வருகிற வலிப்பும் உண்டு, வந்தவருக்கே தெரியாது என்று டாக்டர் சொன்னார். மாத்திரையில் குறையும், எல்லோருக்கும் அடியோடு நிற்காது, வண்டியைத் தொடக் கூடாது என்றார். தம்பிக்கு அடியோடு நிற்கவில்லை. பயணிகள் மறந்துவிட்டுப் போகிற சாமான்களைப் பார்த்துக்கொள்ளும் அறையில் டிப்போவில் அவனைப் போட்டார்கள். குடைகளுக்கும் சாப்பாட்டு டப்பாக்களுக்கும் நடுவில் அவன் உட்கார்ந்திருந்ததை ஒரு தடவை போய்ப் பார்த்தேன். அங்கே இப்போதும் அவனைப் பைலட் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அந்த மெக்கானிக் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். அவர் முகத்தை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

மாதங்கள் போயின. ஒரு நாள் தம்பி கடைக்கே வந்தான்.

"அக்கா, அந்தப் பழைய டிஸ்க்கை வெச்சிருக்கியா?"

"எதையும் நான் தூக்கிப் போடறதில்லயே. எதுக்குடா?"

"அதையே திரும்பப் போட்டுடேன். அந்தக் கோட்டையும் எடுத்துடு."

நல்ல வேலையைக் கெடுக்கச் சொல்கிறானே என்று வாய் வரைக்கும் வந்தது. அவன் மேஜையில் கிடந்த ஒரு ஸ்குரூவை உருட்டிக்கொண்டிருந்தான்.

"இப்ப ரொம்ப நல்லா ஓடுதுக்கா. அதான் முடியல," என்றான். "எப்ப வெட்டினாலும் அது நான்தான்னு தெரிஞ்சுபோகுது. முன்னாடின்னா தெரியாது. அது பாட்டுக்கு வெட்டும், நானும் கம்ப்யூட்டரைத் திட்டிட்டு ஓட்டுவேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனேன். என் தொழிலில் அப்படி ஒரு வேலையை நான் செய்ததே இல்லை. புது டிஸ்க்கைக் கழற்றினேன், கிழட்டு டிஸ்க்கைப் போட்டேன், பச்சைக் கோட்டை அழித்தேன். தம்பி பஸ் சீட்டில் உட்கார்ந்து விமானத்தைக் கிளப்பினான். ஓடுபாதையிலேயே படம் நாலு இடத்தில் திக்கியது. அவன் சிரித்து ரொம்ப நாளாயிற்று, அன்று சிரித்தான். "சனியன் புடிச்ச டிஸ்க்," என்று ஆசை தீரத் திட்டினான்.

ஊரைத் தாண்டினான், ஆற்றுக்கு வந்தான். பாலம் தெரிந்தபோது அவன் இடது கை சட்டைப் பொத்தானுக்குப் போனது. நான் கூப்பிடவில்லை, உலுக்கவில்லை, ஜாய்ஸ்டிக்கில் இருந்த அவன் கைமேல் என் கையை வைத்து, முதல் வளைவில் விமானத்தை இடது பக்கம் திருப்பினேன். இரண்டாவதிலும் திருப்பினேன். கையை எடுத்துக்கொண்ட பிறகு அவன் கண்ணைச் சிமிட்டினான்.

"இப்ப வெட்டினது கம்ப்யூட்டர்தானேக்கா?"

"ஆமாடா," என்றேன். "பழைய டிஸ்க். அப்படித்தான் வெட்டும்."