சத்தம் வெளியே வராத அறை

மேனேஜர் தச்சரை அறைந்தபோது ஈயம் ஏணியின் உச்சிப்படியில் நின்று கூரை ஓட்டை வழியாக ஸ்பீக்கர் வொயரை இழுத்துக்கொண்டிருந்தான். பலகை முறிந்ததுபோல் ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் தச்சர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். உதட்டோரம் கிழிந்து ரத்தம் தாடியில் இறங்கிக்கொண்டிருந்தது.

“கதவுக்கு அடியில வெளிச்சம் தெரியுது,” என்றான் மேனேஜர். குரல் கொஞ்சம்கூட உயரவில்லை. “வெளிச்சம் போற இடத்துல சத்தமும் போகும். கழட்டி மறுபடி மாட்டுங்க.”

கைக்குட்டையை எடுத்து விரல்களைத் துடைத்துக்கொண்டு வெளியே போனான். தச்சர் தாடியைத் துடைத்துக்கொண்டார். கதவைக் கழற்றினார், இழைத்தார், ரப்பர் பட்டை ஒட்டித் திரும்ப மாட்டினார். பையைத் தோளில் போட்டுக்கொண்டு போனவர் போனவர்தான்.

“மாமா, நாமளும் கெளம்பிடலாமா?” கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவன் கேட்டான். “இந்தாளு மூஞ்சியே சரியில்ல.”

“பாதியில விட்டுட்டுப் போனா கடைக்காரர் நம்ம தோல உரிச்சிடுவாரு மாப்ள. நாளைக்கு முடிச்சுக் குடுத்துட்டு இந்தப் பக்கம் தலவச்சும் படுக்க வேணாம்.”

கேட்டவன் ஈயத்தின் மனைவியுடைய தம்பி. முப்பதைத் தாண்டியவன். குறுகலான வாசல்களில் ஒருக்களித்துத்தான் நுழைவான். இருவரும் வேலை பார்க்கும் ஸ்பீக்கர் கடையில் எல்லாருக்கும் அவன் பீப்பாய். ஈயத்துக்கு அந்தப் பெயர் வந்தது சால்ட்ரிங் வேலையால். முறுக்கி விட்டாலே போதும் என்கிற இடத்திலும் ஈயம் வைத்துப் பற்றவைத்தால்தான் அவனுக்குச் சோறு இறங்கும்.

சினிமா பார்க்கவென்று மேனேஜர் போடச் சொன்ன அந்த அறை அவன் வீட்டின் நடுவில் இருந்தது. ஒரே ஜன்னலையும் செங்கல் வைத்து அடைத்தாகிவிட்டது. சுவரெல்லாம் கறுப்பு ஸ்பாஞ்சு, தரையில் கனத்த கம்பளம், ஒரு நீளமான சோபா. திரைக்கு அடியில் மூன்று ஸ்பீக்கர், சோபாவுக்குப் பின்னால் இரும்பு ஸ்டாண்டுகளில் இரண்டு, மூலையில் அடித்தொனிக்கு ஒரு சப்வூஃபர். ஆம்ப்ளிஃபையரை மட்டும் உள்ளே வைக்கக் கூடாது என்று மேனேஜர் சொல்லிவிட்டான். அதன் விசிறிச் சத்தம் அவனுக்கு ஆகாதாம். அதனால் அதை நடையில், கதவுக்கு எதிரே இருந்த அலமாரியின் மேல் தட்டில் வைத்து, வொயரைச் சுவருக்குள் கொண்டுபோயிருந்தார்கள்.

மறுநாள் வேலை நடந்துகொண்டிருக்கும்போது மேனேஜரின் மனைவி தண்ணீர் கொண்டுவந்தாள். ஈயம் அவளை உற்றுப் பார்த்தான். “நீங்க நீச்சல் டீச்சர் இல்ல? என் பொண்ணுக்கு நீங்கதான் கத்துக்குடுத்தீங்க. தண்ணியப் பாத்தாலே அலறுவா. இப்ப வெளிய வாடின்னா வரமாட்டேங்கிறா.”

அவள் முகம் சட்டென்று மலர்ந்தது. “ரெட்டைச் சடை, முன்பல் விழுந்திருக்குமே? அவளா?”

“அவளேதான். நீங்க வர்றதில்லன்னு மூஞ்சிய தூக்கி வச்சுக்கிட்டிருக்கா.”

“இப்ப போறதில்ல,” என்றாள். வெயில் கொளுத்துகிற நாளில் முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள். அந்தக் கையை இன்னும் கொஞ்சம் இழுத்து விட்டுக்கொண்டாள். கிளம்பப் போனவள் நின்று, கதவைத் தொட்டுப் பார்த்தாள். “இத மூடிட்டா உள்ள பேசுறது வெளிய கேக்குமா?”

ஈயத்துக்குப் பெருமை பிடிபடவில்லை. “பேசுறது என்னங்க, உள்ள குண்டு வெடிச்சாலும் கேக்காது. நீங்க பாட்டுக்கு நிம்மதியா தூங்கலாம்.”

அவள் தட்டை வைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.  பிறகு போய்விட்டாள்.

“என்ன மாமா, பேயறைஞ்ச மாதிரி போறாங்க?” என்றான் பீப்பாய்.

“உனக்கு எல்லாம் பேய்தான். அந்த மைக்க எடு.”

எல்லாம் பொருத்திய பிறகு அளவு எடுக்க வேண்டும். சோபாவில் ஆள் உட்கார்ந்தால் காது எங்கே வருமோ அந்த உயரத்தில், முக்காலியில் ஒரு சின்ன மைக்கை நிறுத்தினார்கள். அறையைக் காலி செய்து, கதவை மூடி, நடையிலிருந்து ஒவ்வொரு ஸ்பீக்கராகச் சத்தம் அனுப்பினால் எது எவ்வளவு கேட்கிறது என்று அந்த மைக் லேப்டாப்புக்குச் சொல்லும். மைக்கில் விழுவதைக் காதாலும் கேட்க, பீப்பாய் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு நடையில் சப்பணமிட்டு உட்கார்ந்தான்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று, சப்வூஃபரைத் தவிர. அது சும்மா இருக்கும்போதே வண்டு மாதிரி ரீங்கரித்தது. மேனேஜர் வந்து காதைச் சாய்த்துக் கேட்டான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, கழுத்து நரம்பு மட்டும் புடைத்தது.

“எர்த்துல கோளாறு சார். பின்னாடி ஸ்விட்ச் போர்டுல பாத்துட்டு வந்துடறேன்,” என்று ஈயம் டெஸ்டரோடு கொல்லைப்பக்கம் போனான்.

மேனேஜர் சமையலறைப் பக்கம் திரும்பினான். “நீ எந்த ப்ளக்கையாவது மாத்தினியா?”

“இல்லையே,” என்று உள்ளிருந்து பதில் வந்தது.

“வா. வந்து நீயே கேளு.”

அவள் மணிக்கட்டைப் பிடித்து நடை வழியாக அழைத்துக்கொண்டு போனான். அறைக்குள் போனதும் கதவு சாத்திக்கொண்டது. உள்தாழ்ப்பாள் விழுந்தது. அந்த மைக் வெறும் அளவுகோல் என்று நினைத்திருப்பான் போல. ஹெட்ஃபோனோடு உட்கார்ந்திருந்த பருத்த மனிதனை அவன் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

பீப்பாயின் காதில் முதலில் மூச்சுச் சத்தம் கேட்டது. பிறகு மேனேஜரின் குரல், பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் அத்தனை துல்லியமாக.

“எவ்வளவு அமைதியா இருக்கு பாரு. இனிமே நீ வாயைப் பொத்திக்க வேண்டாம். நல்லா கத்து.”

ஒரு அடி. லேப்டாப்பில் பச்சைக் கோடு எகிறிச் சிவப்பைத் தொட்டது. இன்னொரு அடி. யாரோ சோபாவில் மோதி விழுந்தார்கள். அவள் கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு முனகுவது கேட்டது. அது அவனுக்குப் போதவில்லை. “கத்துன்னு சொல்றேன்ல?” பெல்ட் காற்றைக் கிழிக்கிற சத்தம். கோடு சிவப்பிலேயே நின்றது. கடைசியில் அவள் கத்தினாள். பீப்பாய் ஹெட்ஃபோனைப் பிய்த்து எறிந்தான். நடையில் மயான அமைதி. கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் அலறிக்கொண்டிருக்கிறாள் என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்பமாட்டார்கள்.

“மாமா!” என்று பீப்பாய் போட்ட கூச்சலில் ஈயம் ஓடிவந்தான். விழுந்துகிடந்த ஹெட்ஃபோனை எடுத்துக் காதில் வைத்தான். அவன் முகம் வெளுத்தது.

பீப்பாய் தோளால் கதவை இடித்தான். மறுபடி இடித்தான். தச்சர் வேலையில் குறை வைக்கவில்லை. கதவு அசையவில்லை. உள்ளே இருந்தவனுக்கு இடிப்பது கேட்டிருக்கவும் வாய்ப்பில்லை.

“தள்ளு மாப்ள,” என்றான் ஈயம். டெஸ்டுக்கு அனுப்பும் இரைச்சலை எல்லா ஸ்பீக்கருக்கும் போட்டுவிட்டு, வால்யூமை அது போகிற மட்டும் திருப்பினான்.

அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. காலுக்குக் கீழே தரை நடுங்கியது. அவ்வளவு கனத்த சுவரையும் மீறி உறுமல் வெளியே வந்தது என்றால் உள்ளே என்ன பாடுபட்டிருக்கும்! ஈயத்துக்கு உள்ளே இருப்பவளின் காது ஞாபகம் வந்தது. ஆனாலும் கையை எடுக்கவில்லை.

கதவு பிளந்துகொண்டு திறந்தது. இரைச்சல் வெள்ளம்போல நடையில் பாய்ந்தது. மேனேஜரின் வாய் அசைந்தது. என்ன சொன்னான் என்று யாருக்கும் கேட்கவில்லை. கையில் ஸ்பீக்கர் ஸ்டாண்டு, இரும்பு அடித்தட்டு மேலே இருக்கும்படி தலைகீழாகப் பிடித்திருந்தான்.

முதல் வீச்சு பீப்பாயின் தலையில் விழுந்தது. காதுக்கு மேலே தோல் பிளந்து தொங்கியது. அவன் சுவரோடு சரிந்தான். அடுத்தது ஈயத்துக்கு. தலைக்கு வந்ததைக் கையால் தடுத்தான். எலும்பு முறிந்ததை அவன் கேட்கவில்லை, பல்வரைக்கும் உணர்ந்தான். மல்லாந்து விழுந்தவன் மார்பில் மேனேஜர் காலை வைத்து அழுத்தி, ஸ்டாண்டை இரண்டு கையாலும் ஓங்கினான். கண்ணில் ரத்தம் வழியத் தவழ்ந்து வந்த பீப்பாய் அவனுடைய மற்றக் காலைக் கட்டிக்கொண்டான். மேனேஜர் ஸ்டாண்டின் நுனியால் அவன் முதுகில் குத்தினான். மறுபடி மறுபடி குத்தினான். பீப்பாய் பிடியை விடாமல் கெண்டைக்காலில் பல்லைப் பதித்தான்.

ஈயத்தின் நல்ல கை எதையோ தேடித் துழாவியது. அலமாரியிலிருந்து தொங்கிய வொயர்க் கற்றை அகப்பட்டது. அவனே பார்த்துப் பார்த்து ஈயம் வைத்தவை, பிய்ந்து வரவில்லை. பலம்கொண்ட மட்டும் இழுத்தான். மேல் தட்டிலிருந்து ஆம்ப்ளிஃபையர் வொயரோடு சேர்ந்து வந்து, மேனேஜரின் பாதத்தின் மேல் முனைகுத்தி விழுந்தது.

இரைச்சல் நின்றது. அந்த நிசப்தத்தில் மேனேஜரின் அலறல் மட்டும் தனியாகக் கேட்டது.

டீச்சர் அறையிலிருந்து வெளியே வந்தாள். சட்டை முதுகில் கிழிந்து வார்வாராக ஒட்டியிருந்தது. ஒரு காதிலிருந்து ரத்தம் கழுத்தில் இறங்கியது. ஒற்றைக் காலில் தள்ளாடிய புருஷனுக்குப் பின்னால் வந்து, ஒரு கையை அவன் கழுத்தைச் சுற்றிப் போட்டு, மற்றக் கையால் பூட்டி, அப்படியே பின்னுக்குச் சாய்ந்தாள். இருவரும் தரையில் விழுந்தார்கள். பிடி இளகவில்லை. வருஷக்கணக்காகத் தண்ணீரைத் தள்ளிய தோள்கள் அவை. மேனேஜரின் நகம் அவள் முழங்கையைக் கீறிக் கிழித்தது. குதிகால் தரையில் உதைத்தது. முகம் சிவந்து, பிறகு நிறம் மாறியது. உதைப்பது குறைந்தது.

“டீச்சர், போதும்! விடுங்க!” என்று ஈயம் கத்தினான்.

அவள் திரும்பவே இல்லை. ஈயம் மண்டியிட்டு நகர்ந்து அவள் முகத்துக்கு நேராக வந்தான். “செத்துடுவான் டீச்சர்!”

அவள் அவன் உதட்டைப் பார்த்தாள். “தெரியும்,” என்றாள்.

பீப்பாய்தான் தன் கனத்த உடம்பை இருவருக்கும் நடுவே நுழைத்தான். ஈயம் ஒற்றைக் கையால் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். பிரிந்த விரல் திரும்பப் போய்ப் பற்றியது. மறுபடி பிரித்தான். “இவனுக்காக நீங்க உள்ள போகணுமா? வேணாம்மா. வேணாம்,” என்று அழுதுகொண்டே சொன்னான். அவளுக்குக் கேட்டிருக்காது. அவன் அழுவதைப் பார்த்தாள். கை தளர்ந்தது.

மேனேஜர் பிழைத்துக்கொண்டான். பாதம் நொறுங்கிப்போயிருந்தது, குரல் கரகரத்தது. ஆனால் வாய்க்குக் குறைவில்லை. வேலைக்கு வந்த இரண்டு பேரும் திருட வந்தவர்கள், தடுத்தவளை அடித்துப் போட்டுவிட்டார்கள் என்று ஆஸ்பத்திரிக்கு வந்த போலீஸிடம் சொன்னான். கேட்டுக்கொண்டிருந்த பெண் இன்ஸ்பெக்டர் டீச்சரைத் தனி அறைக்கு அழைத்துப்போய் முதுகைப் பார்த்தாள். புதுக் காயத்துக்கு அடியில் பழைய தழும்பு, அதற்கும் அடியில் ஆறி வெளுத்தது. வெளியே வந்தவள் யாரிடமும் விளக்கம் சொல்லவில்லை. மேனேஜரின் கட்டிலுக்குப் பக்கத்தில் காவலுக்கு ஆள் போட்டாள்.

கடைக்காரர் ஆஸ்பத்திரிக்கே வந்து இருவரையும் வேலையைவிட்டு நிறுத்தினார். “கஸ்டமர் கால்ல ஆம்ப்ளிய போட்டவங்கன்னு பேராயிடுச்சு. இனி எவன்யா கதவத் திறப்பான்?” தையல் போட்ட தலையோடு படுத்திருந்த பீப்பாய் சொன்னான்: “இனிமே பொண்டாட்டிய அடிக்கிறவன் எவனும் நம்மள கூப்பிடமாட்டான். அதுவும் நல்லதுதானே அண்ணே.” கடைக்காரர் சிரிக்கவில்லை.

சாயங்காலம் ஈயம் மாவுக்கட்டுப் போட்ட கையோடு டீச்சரைத் தேடிப் போனான். கட்டிலில் சாயாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். முதுகு எங்கும் படக்கூடாது.

“டாக்டர் என்ன சொன்னாரு?” என்று குரலை உயர்த்திக் கேட்டான்.

“இந்தக் காது ஜவ்வு கிழிஞ்சு போச்சாம். இன்னொண்ணு கொஞ்சம் கேக்குது. திரும்பக் கேக்குமான்னு பொறுத்துத்தான் பாக்கணுமாம். தல தண்ணியில நனையக் கூடாது.”

ஈயம் அவள் எதிரே வந்து உட்கார்ந்தான். காலையிலிருந்து சொல்ல நினைத்ததைச் சொல்லிவிட்டான். “சத்தத்த ஏத்தினது நான்தான். ஃபுல்லா வச்சேன். உங்க காது அதுல போச்சோ என்னவோ.”

அவள் அவன் வாயைப் பார்த்துப் புரிந்துகொண்டாள்.

“அவன் அறைஞ்சதும் அந்தப் பக்கம்தான். எதுல போச்சுன்னு எனக்கும் தெரியல.” பிறகு, “நீங்க சத்தம் போடலைன்னா அவன் கதவத் திறந்திருக்கமாட்டான்,” என்றாள். மன்னிப்பு மாதிரியும் இல்லை, குற்றம் சொல்வது மாதிரியும் இல்லை. நடந்ததைச் சொன்னாள்.

ஈயம் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான். “யாருக்காவது போன் பண்ணணுமா?”

“எங்க அக்காவுக்கு. பேசி ரொம்ப நாளாச்சு. அவன் பேச விடமாட்டான்.”

ஈயம் தன் போனைக் கொடுத்தான். மனப்பாடமாக இருந்த எண்ணை அவள் தயங்காமல் அழுத்தினாள். பழக்கத்தில் கட்டுப் போட்ட காதுக்குக் கொண்டுபோனவள், வலியில் முகம் சுளித்து, போனை மறுபக்கம் மாற்றிக்கொண்டாள்.

“அக்கா,” என்றாள். “நான்தான். நீ கெளம்பி வா. இல்ல, பயப்படாத, இப்ப பேசலாம். அவன் இங்க இல்ல.”