டிரமாஷீ ஊரில் இறந்தவர்களின் வயது

எழுபத்தொன்பதாம் ஆண்டு ஜனவரி மாதம் ஃபின்டன் கெராட்டியின் சவ அடக்கக் கடைப் பின்னறையில் கிடத்திய பிணங்கள் இளமையாகத் தொடங்கின. அதே வாரம் உருளைக்கிழங்கு மூட்டைக்கு இருபது பென்ஸ் விலை ஏறியது. முதலில் இளமையானவர் ஓய்வுபெற்ற தபால்காரர் பாக்கி லவெல். செவ்வாய்க்கிழமை மாலை எழுபத்தேழு வயதுக் கிழவராகப் பெட்டிக்குள் போனவர், புதன்கிழமை மதியம் முப்பத்தொரு வயதில், தலை நிறையச் சிவப்பு முடியோடு படுத்திருந்தார். டாக்டர் வந்து பார்த்து, இறப்பு இறப்புதான், அதில் மாற்றமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். பங்குத் தந்தை, இதைப் பற்றி வேதாகமத்தில் தடை ஒன்றும் இல்லை என்றார். உள்ளூர் வானொலியில் காலைச் செய்திக்குப் பிறகு வாசிக்கும் மரண அறிவிப்பில் எழுபத்தேழு என்றே வாசித்தார்கள். ஊர் திரண்டு போய் பாக்கியைப் பார்த்தது, சாண்ட்விச் தின்றது, தேநீர் குடித்தது, வீட்டுக்குப் போனது.

எந்தக் கணக்கில் வயது குறைகிறது என்பதைக் கண்டுபிடிக்க ஊருக்கு மூன்று மாதம் பிடித்தது. அவரவர் வாழ்க்கையில் எப்போது மிகவும் சந்தோஷமாக இருந்தார்களோ, அந்த வயதுக்குப் போய் நின்றார்கள். பாக்கி முப்பத்தொன்றில்தான் மாவட்ட ஹர்லிங் மட்டைப்பந்துப் பதக்கம் வாங்கினார். பள்ளிக்கூடத்து மிஸ் கன்கனன் ஒன்பது வயதுச் சிறுமியானாள். பெட்டி பெரிதாகிப்போனதால் தலையணை வைத்து அணை கொடுத்தார்கள். மலையோரம் தனியாகக் கிடந்த ஒண்டிக்கட்டை ஒருவர் எழுபத்தாறு வயதிலேயே நின்றார், அது அவர் டெலிவிஷன் வாங்கிய வருஷம். விவசாயி ஒருவரின் மனைவி, புருஷன் பத்தொன்பதில் நிற்பதைப் பார்த்தாள். அவள் அவரை முதன்முதலில் சந்தித்ததே அவருடைய இருபத்துநாலில். கையுறையை மாட்டிக்கொண்டு வெளியே போனவள், அடக்கத்துக்கும் வரவில்லை. அதற்குப் பிறகு டிரமாஷீயில் எந்த மனைவியும் புருஷனைச் சும்மா விடவில்லை. நீ எந்த வயசுல வருவ, சொல்லு, சொல்லு என்று சாப்பாட்டு மேசையிலேயே பிடித்துக்கொண்டார்கள்.

எதிர்ச்சாரியில் மலக்கி டூஹிக்கு வயிறு எரிந்தது. அவருக்கும் அதே தொழில்தான். முன்பக்கம் பார், பின்பக்கம் சவப்பெட்டி, வாசலில் கறுப்புச் சவ வண்டி, மூன்று தலைமுறையாக. தொழிலில் ஒரு குறை சொல்ல முடியாது. அவர் சவரம் செய்த பிணத்தின் கன்னத்தில் ஒரு கீறல் இருக்காது, அவர் விரலில் சுற்றிய செபமாலை நழுவாது. என்ன செய்து என்ன, அவரிடம் வந்த பிணம் வந்தபடியே கிடந்தது. விளக்கை மாற்றினார். சுவருக்கு இளஞ்சிவப்புச் சாயம் அடித்தார். பின்னறையைத் தீர்த்தம் தெளித்து மந்திரிக்கச் சொல்லிப் பங்குத் தந்தையைக் கூட்டிவந்தார். ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த பதினோரு மாதத்தில் அவரிடம் வந்தவை இரண்டே பிணம். ஒருவர் வழியில் மாரடைத்த வெளியூர் லாரிக்காரர், மற்றவர் சொந்தச் சித்தப்பா. மாடி ஜன்னல் திரையை ஒதுக்கி ஃபின்டன் வாசலில் நிற்கும் கார்களை எண்ணியெண்ணி மலக்கி பொருமினார். ஃபின்டனோ, நான் ஒன்றுமே செய்யவில்லை, எல்லாரும் வாங்கும் அதே சோப்புதான் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். அதுதான் மலக்கிக்கு இன்னும் பொறுக்கவில்லை. ஏதாவது தந்திரம் என்றாலும் திட்டிவிட்டுப் போகலாம்.

உண்மையைச் சொன்னால், எரிச்சல் தொழிலோடு வந்ததல்ல. மலக்கியின் மனைவி அட்ராக்டா இருபத்திரண்டு வயதில் ஒரு கோடைகாலம் முழுக்க ஃபின்டனோடு நடனத்துக்குப் போனவள். இரண்டு வருஷம் கழித்து மலக்கியைக் கட்டிக்கொண்டாள். ஃபின்டன் யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது அவர் தொப்பியை லேசாகத் தூக்குவார், அவள் தலையை அசைப்பாள், அவ்வளவுதான். அந்த அவ்வளவையும் மலக்கி நாற்பது வருஷமாக வாராவாரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவளோ அவர் அப்படிப் பார்ப்பதைச் சொல்லிக் காட்டிச் சிரிப்பாள். குழந்தை குட்டி இல்லாத வீட்டில் அந்தச் சிரிப்பு அவருக்கு மேலும் பெரிதாகக் கேட்டது.

எண்பதாம் ஆண்டு இலையுதிர்காலத்தில் அட்ராக்டாவை மாவட்ட மருத்துவமனையில் கைவிரித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அறுபத்துநாலு வயது. ஒருநாள் சாயங்காலம் சூப் குடித்துக்கொண்டே சொன்னாள்.

"என்னை ஃபின்டன் கடையில கொண்டுபோய் வை, மலக்கி."

மலக்கி காதில் விழாதது போலக் கிண்ணத்தை எடுத்தார். அவள் விடவில்லை.

"ஊர் சிரிக்கும், அட்ராக்டா. சொந்தப் பெண்டாட்டியையே எதிர்க்கடைக்கு அனுப்பினான்னு."

"சிரிக்கட்டுமே. எனக்கா கேக்கப்போகுது?"

"இருபத்திரண்டுக்குத் திரும்பிப் போகணும்னு அவ்வளவு ஆசையா?"

"எந்த வயசுன்னு எனக்கே தெரியல. அதான் கேக்குறேன். என்னால பார்க்க முடியாது, நீயாவது பாரு."

பதில் சொல்லாமலே ஒன்பது நாளை ஓட்டினார் மலக்கி. தன்னிடமே வைத்துக்கொண்டால் அவள் அறுபத்துநாலாகவே போவாள், யாருக்கும் ஒன்றும் தெரியாது. அனுப்பினால் ஊருக்கே தெரிந்துவிடும், அவள் இருபத்திரண்டில் நின்றாளென்றால் தான் வாழ்ந்த நாற்பது வருஷமும் போச்சு. பத்தாம் நாள் காலை அவள் இறந்தாள். அவரே குளிப்பாட்டினார், அவரே நீலச் சட்டை போட்டுவிட்டார், தனக்கென்று எடுத்து வைத்திருந்த ஓக் பெட்டியில் கிடத்தினார். பிறகு பதினோரு மணிக்குத் தெருவைக் கடந்து, இருபது வருஷமாக மிதிக்காத கடைக்குள் போய், அவள் கேட்டுக்கொண்டாள் என்று மட்டும் சொன்னார். ஃபின்டன் தொப்பியைக் கழற்றினார். அண்டை வீட்டார் நாலு பேர் பெட்டியைத் தூக்கித் தெருவைக் கடக்கும்வரை ஒரு மாட்டு லாரி காத்து நின்றது.

அவளை ஃபின்டனோடு தனியாக விட மலக்கிக்கு மனம் வரவில்லை. பெட்டிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தார். ஃபின்டனும் நகரவில்லை, அந்தப் பக்கம் உட்கார்ந்தார். புது சூட் போட்டு, மழமழவென்று சவரம் செய்திருந்தார். மலக்கி அதையும் கவனித்தார். தேநீர் ஆறியது. மறுநாள் மதியம் அவள் நெற்றிச் சுருக்கம் விரியத் தொடங்கியது. அறுபது, ஐம்பத்தைந்து, ஐம்பது. பெட்ரோல் போடும்போது மீட்டரைப் பார்ப்பது போல மலக்கி பார்த்துக்கொண்டிருந்தார். முப்பதுக்குக் கீழே போகாதே தாயே என்று உள்ளுக்குள் கெஞ்சினார். நாற்பதில் நின்றது. நின்ற இடத்தில் கூந்தல் மட்டும் சுருங்கி, காதுவரை வந்து, ஓய்ந்தது.

நாலு மணிக்குக் கதவைத் திறந்தார்கள். முதலில் வந்தவள் ரொட்டிக்கடை பிரீட் ஹேன்லி.

"அட, அந்தக் குட்டை முடி. அந்த வருஷம் சவ வண்டியை இவளேதான ஓட்டுவா," என்றவள், மலக்கியைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள்.

ஐம்பத்தாறாம் ஆண்டு அது. மலக்கி காசநோயில் பதினோரு மாதம் மலைச் சானடோரியத்தில் கிடந்தார். அட்ராக்டா தனியாக பாரை நடத்தினாள், பெட்டிக்கு ஆணி அடித்தாள், வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டாள், ஓட்டும்போது கண்ணில் விழுகிறது என்று முடியை வெட்டிக்கொண்டாள். வாராவாரம் கடிதம் போட்டாள். இங்கே எல்லாம் நலம், அவசரப்பட்டு வந்துவிடாதே, நன்றாகக் குணமாகி வா. அதைப் பாசம் என்று நினைத்து அவர் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். வந்ததும் வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டு, இந்த முடி உனக்கு எடுப்பாக இல்லை என்றார். அவள் வளர்த்துக்கொண்டாள்.

மலக்கி எதிரே பார்த்தார். ஃபின்டனின் முகம் தொங்கிப்போயிருந்தது. அவரும் இத்தனை வருஷம் இருபத்திரண்டுக்காகத்தான் காத்திருந்தார் போலும். பாவம், அவருக்கும் ஒன்றும் இல்லை. பொறாமைப்பட இனி எதிரே ஆளே இல்லை என்று மலக்கிக்கு அப்போது புரிந்தது. ஆளில்லாவிட்டாலும் பொறாமை போகவில்லை. நாற்பது வயதில், காற்றில் குட்டை முடி பறக்க, தன் வண்டியைத் தானே ஓட்டிப் போன அந்தப் பெண்மேல் பொறாமைப்பட்டார். தான் இல்லாத ஒரு வருஷத்தின்மேல் பொறாமைப்பட்டார். அறுநூறு பேர் வரிசையில் வந்து கை குலுக்கினார்கள், துக்கத்துக்கு வருந்துகிறோம் என்றார்கள், அழகாக இருக்கிறாள் என்றார்கள். பின்னால் போய்க் கிசுகிசுக்க அவர் ஒருவரையும் விடவில்லை.

"ஆமா, நாற்பது வயசு. நான் ஊர்ல இல்லாத வருஷம்," என்று ஒவ்வொருவரிடமும் அவரே சொன்னார்.

மலக்கி அதற்குப் பிறகு ஆறு வருஷம் இருந்தார். பின்னறையை மூடி, இளஞ்சிவப்புச் சுவருக்கு முன்னால் பீர் பீப்பாய்களை அடுக்கினார். எண்பத்தாறில் இறந்தபோது, அவர் எழுதி வைத்திருந்தபடி ஃபின்டன் கடைக்குத்தான் கொண்டுபோனார்கள். ஃபின்டனே குளிப்பாட்டினார். மறுநாள் மதியம் வயது இறங்கி நாற்பத்துமூன்றில் நின்றது. கன்னம் ஒட்டி, எலும்பு துருத்தி, ஆனால் சிரித்த முகம். சானடோரியத்திலிருந்து அட்ராக்டாவிடம் திரும்பி வந்த வாரம் அது என்று பிரீட் ஹேன்லி பார்த்ததுமே சொல்லிவிட்டாள். யாரும் ஆச்சரியப்படவில்லை. வானொலியில் எழுபத்திரண்டு என்று வாசித்தார்கள், பத்து மணிப் பூசை முடிந்ததும் அட்ராக்டாவின் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள்.