துளசிங்கம் சுமந்துக்கினு போன வெள்ளைக்காரன்

எவன்டா சொன்னது, அவரு வெள்ளைக்காரனைத் தலைக்குமேல தூக்கி கோட்டை வாசல்ல விசிறியடிச்சாருன்னு? கள்ளுக்கடையில உக்காந்துக்கினு ஆளுக்கொரு கதை உடறீங்க. நேத்து ஒருத்தன் சொல்றான், ஒரே குத்துல கோட்டைக் கதவையே ஒடைச்சாராம். ஆமா, ஒடைச்சாரு, இவன் போயி பொறுக்கிக்கினு வந்தான்! கூடவே போனவ நான் குத்துக்கல்லாட்டம் இங்க இருக்கேன். என்னை ஒருத்தனாவது கேட்டீங்களா?

கேக்காட்டியும் சொல்றேன்.

புருசன் பேரைச் சொன்னா அவரு ஆயுசு கொறையும்னு இதுநாள் வரைக்கும் நான் சொன்னதில்லை. இனிமே கொறையறதுக்கு இன்னா இருக்கு? துளசிங்கம். எங்க வூட்டுக்காரரு பேரு துளசிங்கம். இந்தக் கரையில அவரு மாதிரி முட்டி மடக்கிக் குத்தறவன் அவருக்கு முன்னாலயும் இல்லை, பின்னாலயும் இல்லை. அதுல நீங்க சொல்றது சரி.

சண்டைன்னா அவருக்குக் கல்யாணம் மாதிரி. கௌஸ் மைதீன் பாய் கிடங்குல கெஞ்சி வாங்கின பூப்போட்ட செவப்புத் துணியில தலைப்பாகை, அதுல பூநாரை இறகு, ஒத்தைக் கால்ல மட்டும் சலங்கை. மணல்ல சுத்தி வந்து எதிராளியோட மாமியாரைத் தேடுவாரு. "அத்தே, உம்மருமவனுக்கு நாளையிலேர்ந்து கஞ்சிதான், மீனை மெல்ல முடியாது"ன்னு கும்பிடு போடுவாரு. அவ மண்ணை வாரித் தூத்துவா. ஊரே விழுந்து விழுந்து சிரிக்கும். அப்பாலதான் குத்து. கை போறது தெரியாது, ஆளு விழறது மட்டும்தான் தெரியும். ஈர மணலை மூட்டை கட்டித் தொங்கவுட்டு அதையே குத்திக் குத்தி முட்டியெல்லாம் காய்ச்சுப் போயிருந்துச்சு. வூட்ல மட்டும் பூனை. எம்மேல ஒரு விரல் பட்டதில்லை. அடிச்சதெல்லாம் நான்தான், வலையை அலசாமயே வந்து சோத்துக்கு உக்காருவாரு, அதுக்கு.

எங்க குப்பத்துல அப்போ ஒரு முறை இருந்துச்சு. விழுந்தவனை அடிச்சவனே முதுகுல சுமந்துக்கினு போயி அவன் வூட்டு வாசல்ல எறக்கணும். அவன் ஆத்தாவோ பொண்டாட்டியோ திட்டறதை நின்னு கேட்டுக்கணும். அப்பாலதான் கெலிச்சதா பேரு. பகை தங்கக்கூடாதுன்னு பெரியவங்க வெச்ச முறை. எம்புருசன் எத்தினி பேரைச் சுமந்திருப்பாரோ, எத்தினி பேருகிட்ட திட்டு வாங்கியிருப்பாரோ, கணக்கே இல்லை.

அந்த ஆடியில மாரியம்மன் திருவிழாவுக்கு கோட்டையிலேர்ந்து மூணு ஒல்லாந்து சிப்பாயிங்க ஏரியைத் தாண்டி வந்தானுங்க. கள்ளுக்குத்தான், வேற இன்னாத்துக்கு? ஒருத்தன் ஒல்லி, ஒருத்தன் தொப்பை, மூணாவது ஒரு செம்பட்டைத் தலையன், பனைமரம் உசரம். செம்பட்டைக்குப் போதை ஏறிப் போயி சட்டையைக் கழட்டிட்டு மணல்ல எறங்கிட்டான். எம்புருசன் மார்ல குத்தி, வா வான்னான்.

நான் வேணாம்னேன். தலைப்பாகையைப் புடிச்சு இழுத்தேன். "இன்னாடி, அவனுக்கு மாமியார் யாருன்னு தெரியாம நானே கஷ்டத்துல இருக்கேன்"னு சொல்லிட்டுப் போனாரு. எல்லாம் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்.

செம்பட்டை மொதல்ல நல்லாத்தான் அடிச்சான். எம்புருசன் ஒதடு கிழிஞ்சு ரத்தம். அப்பால அவரு கை ஒரு தடவை போச்சு. காதுக்குக் கீழ. அவன் நின்ன வாக்குல மடங்கி விழுந்தான். குப்பமே ஓன்னு கத்துச்சு. கூட வந்த ரெண்டு சிப்பாயிங்களும் தொடையைத் தட்டிச் சிரிக்கறானுங்க, கூட்டாளி குடிச்சுட்டு அடி வாங்கிக் கெடக்கறான்னு அவனுங்களுக்கு அப்படியொரு சந்தோசம்.

எம்புருசன் குனிஞ்சு அவனைப் பார்த்தாரு. கொஞ்ச நேரம் பார்த்தாரு. அப்பால அவனை எடுத்து முதுகுல போட்டுக்கினாரு. "முறைன்னா முறைதான்! துரையைக் கோட்டையில வுட்டுட்டு, அவங்க ஆத்தா திட்டறதைக் கேட்டுட்டு வரேன்!"னு கூவினாரு. சனம் கைதட்டுச்சு. அந்தச் சிப்பாயிங்களும் முன்னால நடந்தானுங்க, துப்பாக்கியைத் தோள்ல போட்டுக்கினு.

அவன் தொப்பி மணல்ல கெடந்துச்சு. நான் அதை எடுத்துக்கினு பின்னாலயே ஓடினேன். பொண்ணுங்க ரெண்டும் எங்க மாமியாகிட்ட இருந்தாங்க. வழி நெடுக அவரு அவன்கூடப் பேசிக்கினே வந்தாரு. "இன்னா தொரே, தூக்கமா? எங்க ஊரு கள்ளு எப்படி?" குறுக்கால வந்தவங்கல்லாம் சிரிச்சு வழி வுட்டாங்க.

ஏரிக்கரையில மாசிலாமணி தோணி நின்னுச்சு. ஏறினோம். எம்புருசன் செம்பட்டையை மடியில சாய்ச்சு, தோள்ல கை போட்டு, கொழந்தையை வெச்சிருக்கற மாதிரி உக்காந்தாரு. நான் நேரெதிர்ல. தொப்பியை அவன் தலையில வெக்கலாம்னு குனிஞ்சேன்.

கண்ணு பாதி தொறந்திருந்துச்சு. அதுமேல ஒரு ஈ நடந்துக்கினு இருந்துச்சு. முழிமேல. அவன் இமைக்கலை.

ஐயோ! கத்தறதுக்கு வாயைத் தொறந்துட்டேன். அப்போ எம்புருசன் பாட ஆரம்பிச்சாரு. தோணிக்காரங்க பாடற மெட்டு, நீங்கல்லாம் பாடறீங்களே, அதே மெட்டு.

"ஏலேலோ, கத்தாதடி முனிமா, ஏலேலோ. இவன் செத்துட்டான்டி முனிமா, ஏலேலோ. மணல்லயே செத்துட்டான், ஏலேலோ. சிரிடி, முனிமா, சிரி!"

மாசிலாமணி கையில கழி நின்னு போச்சு. சிப்பாயிங்களுக்குத் தமிழ்ல மீனு, கள்ளு, பொண்ணு, அவ்ளோதான் தெரியும். தொப்பைக்காரன் மெட்டுக்குக் கை தட்டறான்!

"நிறுத்தாத மாசிலாமணி, கழியைப் போடு, ஏலேலோ"ன்னு பாடினாரு எம்புருசன். "பின்பாட்டு பாடுய்யா!"

மாசிலாமணி பாடினான். கண்ணுல தண்ணி ஓடுது, வாயி ஏலேலோங்குது. நான் சிரிச்சேன். எப்படிச் சிரிச்சேன்னு கேக்காதீங்க. பல்லைக் காட்டினேன், சத்தம் தானா வந்துச்சு.

மணல்லயே அவருக்குத் தெரிஞ்சிருக்கு. குனிஞ்சப்பவே தெரிஞ்சிருக்கு! அங்கயே யாராவது செத்துட்டான்னு வாயைத் தொறந்திருந்தா, அந்த ரெண்டு பேரும் துப்பாக்கியை எடுத்திருப்பானுங்க, அடுத்த நாழி கோட்டையே வந்து எறங்கியிருக்கும். வடக்கால ஒரு குப்பத்துல இதுமாதிரி ஆகி, குடிசையெல்லாம் கொளுத்தி, ஆம்பளை பொம்பளை எல்லாத்தையும் அடிமையா கப்பல்ல ஏத்திட்டானுங்கன்னு அப்போ பேச்சு. அதுக்குத்தான் பொணத்தை முதுகுல போட்டுக்கினு, அதுகூட வெளையாட்டுப் பேச்சு பேசிக்கினு, குப்பத்தை வுட்டு அப்பால கொண்டாந்துட்டாரு. நான் எதுவும் தெரியாத முண்டம், தொப்பியைத் தூக்கிக்கினு பின்னால வந்திருக்கேன்.

"இவனுங்களையும் தண்ணியில தள்ளிடேன்யா"ன்னேன், நானும் பாட்டு மாதிரியே.

"மூணு பொணமாயிடும், ஏலேலோ. கரையில கடைத்தெருவே பாக்குது, ஏலேலோ. எங்களை எறக்கிட்டுத் திரும்பிப் போ, மாசிலாமணி. ஒருத்தரு பாக்கியில்லாம தோணியில ஏத்து. சுண்ணாம்புக்குளம் தாண்டி வடக்கே போயிடுங்க, அது வேற ராசா சீமை. எம்பொண்ணுங்களை மொதத் தோணியில ஏத்துய்யா, ஏலேலோ."

அப்போ தொப்பைக்காரன் எழுந்தான். இடுப்புல இருந்த குடுவையை எடுத்து, கூட்டாளிக்கு ஊத்தலாம்னு அவன் வாய்கிட்ட கொண்டாந்தான். எனக்கு உசுரே போச்சு. எம்புருசன் சட்டுனு குடுவையைப் புடுங்கி மடக்கு மடக்குன்னு தானே குடிச்சுட்டு, "கெலிச்சவனுக்குத்தான்!"னு மார்ல தட்டிக்கினாரு. ஒல்லி சிரிச்சுச் சிரிச்சுத் தோணியை ஆட்டிட்டான். நாங்களும் சிரிச்சோம். அந்த ஆட்டத்துல பொணத்தோட தலை தொங்கிச்சு. அவரு அதைத் தூக்கி மெதுவா தன் கழுத்தோரம் சாய்ச்சு வெச்சுக்கினாரு, கண்ணை உள்ளங்கையால மூடிவுட்டாரு.

கரையில எறங்கினோம். மாசிலாமணி தோணியைத் திருப்பினான், அவசரமா போனா சந்தேகம் வரும்னு மெதுவாவே கழி போட்டான். அதைப் பார்க்கவே என்னால முடியலை.

கடைத்தெருவுல கூட்டம் கூடிடுச்சு. துளசிங்கம் வெள்ளைக்காரனையே சுமந்துக்கினு வரான்னு ஒரே ஆரவாரம். அவரு சலங்கைக் காலைத் தட்டித் தட்டி ஆடிக்கினு நடந்தாரு. எத்தினி மெதுவா நடக்க முடியுமோ அத்தினி மெதுவா. அஞ்சடிக்கு ஒரு கும்பிடு, கடைக்குக் கடை ஒரு நக்கலு. சனம் அது வெளையாட்டுன்னு நெனைச்சுச்சு. எனக்குத்தான் தெரியும், அவரு வைக்கற ஒவ்வொரு அடியும் ஒரு தோணி கெளம்பறதுக்குன்னு.

அகழிப் பாலத்தாண்ட வந்ததும், "இங்கயே நில்லு, முனிமா"ன்னாரு. மொகம் முழுக்கச் சிரிப்பு, கழுத்து நரம்பு மட்டும் பொடைச்சிருந்துச்சு. "உள்ள வராத. மேலேர்ந்து பாக்கறானுங்க. நான் போற வரைக்கும் சிரி. போனதுக்கப்புறமும் சிரி. உள்ள எவ்ளோ நேரம் இழுக்க முடியுமோ இழுக்கறேன்."

"போட்டுட்டு ஓடுய்யா"ன்னேன். சிரிச்சுக்கினேதான் சொன்னேன். "எனக்கு நீ வேணும்யா."

"பொண்ணுங்களுக்கு நீ வேணும்டி"ன்னாரு. "கோட்டை மணி அடிச்சா கூட்டத்துல பூந்துடு, தெற்கால சுத்திப் போயிடு."

பாலத்துல ஏறினாரு. ஒல்லியும் தொப்பையும் ரெண்டு பக்கம் கை தட்டிக்கினே போனானுங்க. வாசல் காவக்காரனும் சிரிச்சான். கடைசியா நான் பார்த்தது எம்புருசன் முதுகு கூட இல்லை, அதுமேல கெடந்த பொணத்தோட முதுகு.

கதவு சாத்திடுச்சு. கூட்டம் கொஞ்சம் கொஞ்சமா கலைஞ்சுது. நான் பாலத்தாண்டயே தனியா நின்னு சிரிக்கிறேன். மீன் வாங்க வந்த ஒரு பொம்பளை, "இவளுக்குப் புருசன் கெலிச்ச கொழுப்பு"ன்னு சொல்லிட்டுப் போறா. ஏரியில, தூரத்துல, எங்க தோணிங்க பாய் விரிச்சு வரிசையா வடக்கே போறது தெரிஞ்சுது.

அப்போ மணி அடிச்சுது. உள்ள ஓடறானுங்க, கத்தறானுங்க. இனிமே நான் சிரிக்கத் தேவையில்லை, ஓடணும், அது புரியுது. கால் ஓட ஆரம்பிச்சுடுச்சு. சிரிப்பு மட்டும் நிக்கலை. ரெண்டு கையாலயும் வாயைப் பொத்திக்கினு ஓடினேன், அப்பவும் நிக்கலை.