பஸ் திரும்பும் மூலை

அறுபத்திரண்டில் கல்லூரி விடுதியை மூடினார்கள். அன்றிலிருந்தே கல்பாலம் டவுன் இளைக்கத் தொடங்கிவிட்டது. டவுன் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. மெயின் ரோட்டிலிருந்து பிரிந்து, பாலத்தைத் தாண்டி, மேடேறிப் போய்க் கல்லூரி வாசலில் முட்டி நின்றுவிடும் ஒற்றைத் தெரு. இரண்டு பக்கமும் தகரக்கூரைக் கடைகள். விடுதி இருந்த காலத்தில் பூண்டுலோயாப் பக்கமிருந்தும் நுவரெலியாப் பக்கமிருந்தும் பிள்ளைகள் வந்து தங்கிப் படித்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களைப் பார்க்க வரும் தாய் தகப்பன்களால் தெரு நிறைந்திருக்கும். அதெல்லாம் போய், புடவைக்கடையைப் பூட்டி, பேக்கரியைப் பூட்டி, மிச்சமிருந்தவர்கள் மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

கல்லூரி என்பது பேருக்குத்தான், பள்ளிக்கூடம்தான். வியாகுலம் அங்கே ஆசிரியர். டவுன் அபிவிருத்திச் சங்கத்துக்குக் காரியதரிசியும் அவர்தான். தலைவர் தேத்தண்ணிக்கடைக் கந்தப்பன். இரண்டு பேரும் என்னென்னவோ செய்து பார்த்தார்கள். கடைகளுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். அடுத்த மழையில் கரைந்து ஓடியது. ஞாயிற்றுச் சந்தை தொடங்கினார்கள். காய்கறி கொண்டுவந்தவர்களே ஒருவரிடம் ஒருவர் வாங்கிக்கொண்டு கலைந்து போனார்கள். கடைசியில், பஸ் உள்ளே வந்தால்தான் டவுன் பிழைக்கும் என்ற முடிவுக்கு வந்தார்கள். ஹட்டன் பஸ் மெயின் ரோட்டோடு போய்விடுகிறது. அங்கே இறங்கி மழையில் மேடேற யாருக்கு மனசு வரும்?

பல தடவை மனுக் கொடுத்த பிறகு டிப்போவிலிருந்து இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்தார். நல்ல மனுசன். தெருவை மேலும் கீழும் நடந்து பார்த்தார். கல்லூரி வாசலுக்குக் கீழே, தெரு முடிகிற மூலையில் நின்று தலையை ஆட்டினார்.

"பே மாத்தயா," என்றார் சிங்களத்தில்.

முடியாது என்பது எல்லாருக்கும் விளங்கியது. மேலே வந்த பஸ் திரும்ப இடம் வேண்டும். ஒரு பக்கம் பாறை. மறுபக்கம் ஒரு கடை. அந்தக் கடையின் முன்பாதியை எடுத்தால் பஸ் திரும்பும்.

அது ஜோசப்பினின் தையல் கடை. ஜோசப்பின் வியாகுலத்தின் மனைவி.

எல்லாரும் வியாகுலத்தைப் பார்த்தார்கள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "செஞ்சிருவோம்," என்றார்.

அவர் வீட்டுக்குப் போவதற்குள் சேதி போய்விட்டிருந்தது. ஜோசப்பின் அடுப்பைப் பார்த்தபடியே கேட்டாள்: "அந்தக் கடை யாருதுங்க?"

அவர் செருப்பைக் கழற்றினார்.

"எங்கப்பா கல்லும் தகரமுமா சேத்துக் கட்டுனது. நீங்க பாட்டுக்குக் கூட்டத்துல நின்னு தூக்கிக் குடுத்துட்டு வர்றீங்க. என்னைய ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"எல்லாரும் பாத்துக்கிட்டு நின்னாங்க ஜோசப்பின். எப்பிடி இல்லன்னு சொல்றது?"

"நான் சொல்றேன். இல்ல."

அதன்பின் இருவருக்கும் பேச்சு குறைந்தது. கந்தப்பன் சமாதானம் பேச வந்தார். தையல் கடை வாசலில் குடையை மடக்கிக்கொண்டே, "தங்கச்சி, மாஸ்டர் மேல கோவப்படாதீங்க. ஊருக்காகத்தானே அலையிறாரு," என்றார்.

"அண்ணே, ஒங்க கடை இந்த மூலையில இருந்தா ஒடச்சிருப்பீங்களா?"

கந்தப்பன் யோசித்தார். மெசின் சக்கரத்தில் கையை வைத்தபடி அவள் காத்திருந்தாள்.

"மாட்டேன்," என்றார் அவர். குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். அவ்வளவு நாளில் அன்றுதான் அவளுக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது.

இரண்டு வாரம் கழித்து, தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுக்கும் அழகம்மா கடைக்கு வந்தாள். தலையில் போர்த்தியிருந்த சாக்குப் படங்கிலிருந்து தண்ணீர் சொட்டியது. மடியிலிருந்து ஒரு வெள்ளைச் சட்டையை எடுத்துக் கொடுத்தாள். அது அவள் மகள் பூரணியின் பள்ளிச் சட்டை. ஜோசப்பின் தைத்ததுதான்.

"இத வெட்டிச் சின்னவளுக்கு ரவிக்க தச்சுக் குடுங்க அக்கா."

"ஏன், பூரணிக்கு?"

"நெஞ்சுச்சளி. மெயின் ரோட்டுல எறங்கி நனைஞ்சுக்கிட்டே ஏறி வருது. ஈரத்துணியோட நாள்பூரா ஒக்காந்திருக்கு. படிச்சது போதும்னு அவ அப்பா சொல்லிட்டாரு. கொழுந்து எடுக்கத் தோட்டத்துல பேர் பதிஞ்சிரப் போறோம்."

பூரணி வளர வளரப் பிரித்து விடலாம் என்று ஓரத்தை நிறைய மடித்துத் தைத்திருந்தாள் ஜோசப்பின். ஒரு மடிப்புக்கூட இன்னும் பிரிக்கப்படவில்லை. கத்தரிக்கோலை எடுத்தவள் திரும்ப வைத்துவிட்டாள்.

"வச்சிட்டுப் போங்க," என்றாள்.

அன்று வியாகுலம் வீட்டுக்கு வந்ததும் சொன்னாள்: "ஒடைங்க. ஒங்களுக்காக இல்ல. ஒங்க சங்கத்துக்காகவும் இல்ல."

அவர் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் மனசு மாறிவிடுமோ என்று பயந்தார்.

சனிக்கிழமை உடைத்தார்கள். மாதா படத்தை அவளே இறக்கி வைத்தாள். வியாகுலத்துக்குச் சுவரை நெம்பும் அலவாங்கைப் பிடிக்கத் தெரியாது. கொஞ்ச நேரத்திலேயே உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. "குடுங்க இப்பிடி," என்று அதை வாங்கி, அப்பா வைத்த முன்சுவர்க் கல்லைத் தானே நெம்பினாள். கண் கலங்கியது. தூசி என்று சொல்லிக்கொண்டாள்.

பஸ் வந்த நாளில் வாழைமரம் கட்டினார்கள். தேங்காய் உடைத்தார்கள். மாதா கோயில் சுவாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார். பஸ் மெதுவாக ஏறிவந்து, பின்னால் போய் முன்னால் வந்து, மிச்சமிருந்த சுவரை உரசாமல் திரும்பி நின்றது. சனங்கள் கைதட்டினார்கள். கந்தப்பன் மலைபோல வடை சுட்டு வைத்திருந்தார்.

"ஹட்டன்! ஹட்டன்!" என்று கண்டக்டர் கூவினான்.

கைதட்டிய சனங்கள் அப்படியே பஸ்ஸில் ஏறினார்கள். தோட்டத்துக்காரர்கள், கடைக்காரர்களின் பெண்டுபிள்ளைகள், எல்லாரும். நிற்கக்கூட இடமில்லாமல் பஸ் இறங்கிப் போனது. தெருவில் சங்கத்துக்காரர்கள் மட்டும் நின்றார்கள்.

பஸ் புறப்படுவதற்கு முன்பே அந்தக் கூட்டத்தில் ஜோசப்பின் அழகம்மாவைத் தேடியிருந்தாள். கண்டதும், "இனிமே பூரணி நனையாம வரலாமே," என்றாள்.

"போன மாசமே பேர் பதிஞ்சாச்சுக்கா," என்று சொல்லிவிட்டு அழகம்மாவும் பஸ்ஸில் ஏறிக்கொண்டாள்.

பிறகு சம்பளத்துக்குச் சம்பளம் அதேதான். பக்கத்துத் தோட்டத்துச் சனம் டவுனுக்கு ஏறி வந்தது, பஸ் பிடித்து ஹட்டனுக்குச் சாமான் வாங்கப் போவதற்காக. கந்தப்பன் கொஞ்ச நாள் பொறுத்தார். பிறகு அவரும் கடையைப் பூட்டிக்கொண்டு ஹட்டனுக்கே போய்விட்டார். சங்கத்தின் கடைசிக் கூட்டத்துக்கு வியாகுலம் மட்டும் போயிருந்தார். சாவி தன்னிடம் இருந்ததால் போனதாகச் சொன்னார்.

"ஒன் கடைய ஒடச்சதுதான் மிச்சம்," என்றார் ஒருநாள், சோற்றைப் பிசைந்தபடி.

அவள் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் காலைப் பஸ்ஸில் பிள்ளைகள் வந்தார்கள். பெண்பிள்ளைகள் கொஞ்சம் கூடுதலாகவே வந்தார்கள். பாதிக் கடையில், மெசினைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, முழங்கை இடிக்க இடிக்க அவர்களுக்கு வெள்ளைச் சட்டை தைத்தாள். நூல் தீர்ந்தபோதுதான் பார்த்தாள், கல்பாலத்தில் நூல் விற்க ஒரு கடை இல்லை.

"நாமளும் ஹட்டனுக்குத்தான் போகணும்," என்றாள். "துணிக்கட்டத் தூக்க நீங்களும் வாங்க."

அந்தப் பஸ்ஸில் சாமான் வாங்கப் போவதில்லை என்று வியாகுலம் வைராக்கியமாக இருந்தார். ஆனாலும் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, "மாஸ்டர்! தங்கச்சி! வாங்க வாங்க!" என்று ஒரு குரல். கந்தப்பன். சின்ன இடம்தான், ஆனால் வாசல் வரைக்கும் ஆள். இரண்டு பேரை எழுப்பிவிட்டு இவர்களை உட்கார வைத்தார்.

"யாவாரம் எப்பிடி?" என்று கேட்டார் வியாகுலம்.

"நிக்க நேரமில்ல மாஸ்டர். பேச்சுக்குத்தான் ஆளில்ல. வர்றான், குடிக்கிறான், ஓடுறான்."

வியாகுலம் கிளாசை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தார். கல்பாலத்து முகங்கள் பையும் கூடையுமாகப் போய்க்கொண்டிருந்தன. மழை தூறத் தொடங்கியது.

"கந்தப்பன், கல்பாலத்துல அந்தப் பேக்கரிக் கட்டடம் சும்மாதானே கெடக்கு. தை பொறந்ததும் அங்க நாம ஒரு..."

"மொதல்ல தேத்தண்ணியக் குடிங்க," என்றாள் ஜோசப்பின். "பஸ் போயிரும்."