அக்காவின் பழைய கண்ணாடி

பத்திரிகை அலுவலகத்தில் அக்காவுக்கு 'நோண்டி' என்று பெயர். எதைக் கையில் எடுத்தாலும் அடிவரை நோண்டாமல் விடமாட்டாள். பெண்களைச் சமையல் குறிப்போடு நிறுத்தி வைத்திருந்த காலத்தில், சிறைக்குள் நடந்த ஒரு சாவைத் துருவி எழுதி முதல் பக்கத்துக்கு வந்தவள்.

அவள்தான் ஒரு காலையில் அடுக்குமாடிப் படிக்கட்டின் அடியில் இறந்து கிடந்தாள். கால் இடறி விழுந்துவிட்டாள் என்றது போலீஸ். ஆறு மாதமாக, இடிந்து விழுந்த ஒரு பாலத்தைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தாள். அதற்காக எழுதி வைத்த குறிப்பேடுகளில் ஒன்றுகூட வீட்டில் இல்லை.

மூன்றாம் நாள் தங்கை ஸ்டேஷனுக்குப் போனாள். இன்ஸ்பெக்டர் ஒரு உறையை நீட்டினார். உள்ளே கைக்கடிகாரம், சாவி, கண்ணாடி.

"விழும்போது போட்டிருந்ததும்மா. பாருங்க, ஒரு கீறல்கூட இல்ல."

தங்கை உறையை வாங்கிக்கொண்டாள். கண்ணாடிக் கடையில் இருபது வருடமாக வேலை பார்ப்பவள் அவள். அக்காவின் கண்ணாடிகள் எல்லாமே அவள் கையால் பொருத்தியவை. நேரே கடைக்குப் போய், பவர் பார்க்கும் கருவியில் அதை வைத்தாள். மைனஸ் நாலரை. அக்காவுக்கு இப்போது மைனஸ் ஒன்பது. எட்டு வருடத்துக்கு முன்பே மேஜை டிராயரில் தூக்கிப் போட்ட கண்ணாடி இது. இதைப் போட்டுக்கொண்டு அக்கா பாத்ரூமுக்குக்கூடப் போகமாட்டாள். அவள் விழுந்த பிறகு யாரோ மாட்டிவிட்டிருக்கிறார்கள்.

அதுவரை வராத அழுகை அப்போது வந்தது. அழுது முடித்து, முகம் கழுவி, இரண்டு பவரையும் கடைச் சீட்டில் எழுதி முத்திரை குத்தி, மறுபடியும் ஸ்டேஷனுக்குப் போனாள்.

"கண்ணாடிய வெச்சு கேஸ் போட முடியுமாம்மா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"கேஸ் போட வேணாம் சார். இந்தச் சீட்ட வாங்கிக்கிட்டேன்னு ஒரு கையெழுத்து போடுங்க, போதும்."

அவர் பேனாவைத் தொடவில்லை. "உங்க வீட்டுக்காரர் எங்க வேலை பாக்குறார்?" என்று கேட்டார்.

"வாசல்லதான் நிக்கிறார். கூப்பிடட்டுமா?"

அங்கிருந்து அக்காவின் பத்திரிகை ஆசிரியரிடம் போனாள். அவர் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "கொலைன்னு எழுதினா நம்ம மேலதான்மா கேஸ் வரும்."

"கொலைன்னு எழுத வேணாம் சார். ரெண்டு நம்பரையும் போடுங்க. படிக்கிறவங்க கணக்குப் போட்டுக்குவாங்க."

துக்கத்திலும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "குடும்பமே நோண்டிக் குடும்பம்தான் போல."

மறுநாள் முதல் பக்கத்தில் அந்த இரண்டு எண்கள் வந்தன. ஊர் முழுக்க அதே பேச்சு. ஒரு வாரத்தில் விசாரணை வேறு அதிகாரியின் கைக்குப் போனது. அக்கா வீட்டுச் சோபாவுக்கு அடியில் உடைந்த லென்ஸ் துண்டு கிடைத்தது, மைனஸ் ஒன்பது. கேஸ் அடுப்பு ரிப்பேர் என்று சொல்லி இரண்டு பேர் மேலே போனதை வாட்ச்மேன் ஒருவழியாக ஒப்புக்கொண்டார். இருவரும் பாலம் கட்டிய கான்ட்ராக்டரின் ஆட்கள். அக்கா பேட்டி எடுத்தவர்களையெல்லாம் தேடிப் பிடித்து, சக நிருபர்கள் பாலத்துக் கட்டுரையை எழுதி முடித்தார்கள். அவள் பெயரில்தான் வந்தது.

இரண்டு வருடம் கழித்து அந்த இருவருக்கும் ஆயுள் தண்டனை. கான்ட்ராக்டர் மேல் குற்றம் நிரூபணமாகவில்லை.

"அனுப்புனவன விட்டுட்டாங்களே," என்றார் கணவர், கோர்ட் வாசலில்.

"அப்பீல் இருக்குல்ல, விட மாட்டேன்," என்றாள் தங்கை. "மொதல்ல எங்கயாவது சாப்பிடலாங்க. ரொம்ப நாளைக்கப்புறம் நல்லாப் பசிக்குது."