கதவைப் பார்த்த கேமரா

தெருவில் அவருக்குக் கமாண்டர் என்று பெயர். பட்டாளத்துப் பக்கம் தலைவைத்தும் படுத்தவர் அல்ல. ஒரு கிடங்கில் காவலாளிகளுக்கு மேற்பார்வையாளர். யார் எந்த வாசலில் உட்கார்ந்து தூங்கலாம் என்று ஒதுக்கிக் கொடுப்பதுதான் உத்தியோகம். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே பாதுகாப்பைப் பற்றிய பிரசங்கம் ஆரம்பித்துவிடும். வாசல் கதவுக்கு மூன்று பூட்டுப் போட்டிருந்தார். மூன்றையும் திறந்து மனைவி குப்பையை வெளியே கொண்டுபோவதற்குள் குப்பை வண்டி அடுத்த தெருவுக்குப் போயிருக்கும்.

மனைவி தையற்காரி. வீட்டின் முன்னறைதான் அவள் கடை. ஒரு பக்கம் தையல் மிஷின், எதிரே ஆளுயரக் கண்ணாடி, மூலையில் ஒரு திரை. தைத்ததைப் பெண்கள் அந்தத் திரைக்குப் பின்னால் போட்டுப் பார்ப்பார்கள். பெரிய கடைகளை விட்டுவிட்டு அவர்கள் இவளிடம் வந்ததற்குத் தையல் பாதிக் காரணம், திரை மீதிக் காரணம். “கடையில உடுப்பு மாத்தணும்னா சுவரையெல்லாம் தடவிப் பாக்க வேண்டியிருக்கு. இங்க அந்தப் பயம் இல்லக்கா” என்று ஒரு நர்ஸ் ஒருமுறை சொன்னாள். தன் தொழிலுக்கு அதைவிடப் பெரிய நற்சான்று எதுவும் வேண்டாம் என்று தையற்காரி நினைத்தாள்.

அந்த அறையில்தான் கமாண்டர் கேமராவை மாட்டினார். அவள் வேண்டாம் என்றாள். அது கதவை மட்டும்தான் பார்க்கும், திரை அதற்கு முதுகுப் பக்கம் என்றார். ஏணியில் ஏறி நின்று பார்த்தாள், கதவைத்தான் பார்த்தது. சரி, பொம்மை கேட்ட பிள்ளை விளையாடிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள். அன்றுமுதல் அலுவலகத்தில் போவோர் வருவோரையெல்லாம் நிறுத்தித் தன் வீட்டு வாசலை ஃபோனில் காட்டுவதே அவருக்கு வேலையாகிவிட்டது.

ஒரு விடுமுறை நாள் மத்தியானம், நர்ஸ் புதுச் சட்டையைப் போட்டுப் பார்க்க வந்திருந்தாள். கமாண்டர் உள்ளறையில் கும்பகர்ணனுக்குத் தம்பியாக உறங்கிக்கொண்டிருந்தார். நர்ஸ் சட்டையை எடுத்துக்கொண்டு திரையை நோக்கி நடந்தாள். மேலே மெல்லக் கறகறவென்று ஒரு சத்தம் கேட்டது. கதவைப் பார்த்துக்கொண்டிருந்த கேமரா தலையைத் திருப்பியது. நர்ஸ் நின்றாள், அதுவும் நின்றது. அவள் இன்னும் ஓரடி வைத்தாள், அதுவும் நகர்ந்தது.

தையற்காரி உள்ளறையை எட்டிப் பார்த்தாள். கமாண்டரின் குறட்டை சீராக வந்துகொண்டிருந்தது. அவருடைய ஃபோன் எட்டாத தூரத்தில் மேசைமேல் சார்ஜில் கிடந்தது. திருப்பியது அவரில்லை, வேறு யாரோ. வெட்டாத துணி ஒன்றை எடுத்துக் கேமராவின்மேல் வீசினாள், பிறகு ஒயரைப் பிடுங்கினாள்.

நர்ஸ் சட்டையை மெதுவாக மடித்து மேசைமேல் வைத்தாள்.

“அக்கா, போன வாரம் நான் உள்ள மாத்திட்டிருந்தப்போ இது எந்தப் பக்கம் பாத்துட்டிருந்துச்சு?”

“தெரியலம்மா” என்றாள் தையற்காரி. அந்த ஒரு வார்த்தையில் இத்தனை வருஷத்து மானமும் போய்விட்டது போலிருந்தது. நர்ஸ் வேறெதுவும் கேட்காமல் போய்விட்டாள். சட்டை அங்கேயே கிடந்தது.

தையற்காரி கமாண்டரை உலுக்கி எழுப்பினாள். கேமராவுக்கு என்ன பாஸ்வேர்ட் வைத்தீர்கள் என்று கேட்டாள். அவர் தூக்கத்திலும் மிடுக்கு குறையாமல், வாங்கும்போது என்ன இருந்ததோ அதேதான் என்றார். மாற்றச் சொல்லி ஃபோன் ஓயாமல் கேட்டதாம். ஒவ்வொரு தடவையும் ‘பிறகு’ என்பதை அழுத்தினாராம். ஒழுகும் குழாய்க்கும் அவர் சொல்வது அதுதான், மனுஷனுக்கு வாழ்க்கையே ஒரு பிறகு.

“கம்பெனிக்காரனே போட்டுக் குடுத்தது. அவனுக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போகுது?”

“அவன் வித்த எல்லா கேமராவுக்கும் அதேதானா?”

“ஆமா. எல்லாத்துக்கும் ஒண்ணுதான்.”

“அப்ப ஊருக்கெல்லாம் ஒரே சாவி. அதை உள்ள வச்சுட்டு வாசல்ல மூணு பூட்டுப் போட்டீங்களாக்கும்.”

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். அவர் கொஞ்ச நேரம் விழித்தார். பிறகு விஷயம் மெல்ல உள்ளே இறங்கியது. முகம் வெளிறியது. அந்தப் பெண்களுக்காகத்தான் இந்த மனிதருக்கும் நெஞ்சு பதறுகிறது என்று ஒரு நொடி அவள் நம்பிவிட்டாள்.

“நான் கண்ணாடி முன்னாடி நிக்கறதெல்லாம் பாத்திருப்பானா?” என்று கேட்டார்.

அவள் வெளியே போயிருக்கும்போது அவர் அந்தக் கண்ணாடி முன்னால் சட்டையில்லாமல் நின்று தொப்பையை எக்கிக்கொண்டு, மேலதிகாரியைக் கேட்கப்போகும் கேள்விகளை விரலை ஆட்டி ஒத்திகை பார்ப்பது அவளுக்கு எப்போதோ தெரியும். அதைப் பார்த்து அன்று சிரிப்பு வந்தது. இன்று அருவருப்புத்தான் வந்தது.

“உங்களைப் பாத்ததும் அவனே கேமராவைக் கதவுப் பக்கம் திருப்பியிருப்பான்” என்றாள்.

அவர் குரலைத் தாழ்த்தி யோசனை சொல்ல ஆரம்பித்தார். யாருக்கும் தெரிய வேண்டாம், நர்ஸிடம் மிஷின் கோளாறு என்று சொல்லிவிடலாம், பாஸ்வேர்டை மாற்றிவிட்டால் முடிந்தது கதை, வெளியே தெரிந்தால் கிடங்கில் தன்னை ஒருவனும் மதிக்க மாட்டான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் கலையில் மட்டும் அவருக்கு ஒரு ‘பிறகு’வும் கிடையாது. அவள் அத்தனையையும் கேட்டுக்கொண்டாள். சொன்னால் எத்தனை பேர் திரும்பி வருவார்கள் என்று அவளுக்குத் தெரியாது, ஒருத்தியும் வராமலே போகலாம். ஆனால் நடந்தது தெரியாத ஒருத்தியை அவள் அளவெடுக்கக் கையைத் தூக்கச் சொல்ல முடியாது.

தன் ஃபோனை எடுத்து, தன்னிடம் தைக்கும் பெண்களில் முதலாவதாக ஒரு தலைமை ஆசிரியையின் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, கமாண்டரின் கையில் வைத்தாள்.

“நீங்களே சொல்லுங்க. ஒண்ணும் விடாம சொல்லணும்.”

அவர் தலையை ஆட்டி மறுத்தார். அதற்குள் எதிர்ப்பக்கம் ஹலோ கேட்டுவிட்டது. ‘என் வீட்டுக்காரி பொழுதுபோக்கா ஏதோ தைக்கறா’ என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த வாய், “நான் டெய்லரோட வீட்டுக்காரர் பேசறேங்க” என்று தொடங்கியது. வார்த்தைகளை மென்று முழுங்கினார். அவர் எங்கே நழுவப் பார்த்தாலும் அவள் பக்கத்திலிருந்து அந்த இடத்தைச் சொல்லிக்கொடுத்தாள். கேமரா, திரை, மாற்றாத பாஸ்வேர்ட், எல்லாம் வெளியே வந்தது.

தலைமை ஆசிரியை திட்டவில்லை.

“நீங்க என்ன வேலை பாக்கறீங்க?” என்று கேட்டார்.

கமாண்டர் மனைவியைப் பார்த்தார். இதை அவள் சொல்லிக்கொடுக்கவில்லை.

“பாதுகாப்புலங்க” என்றார்.

எதிர்ப்பக்கம் ஃபோன் வைக்கப்பட்டது. அவள் தன் ஃபோனை வாங்கி அடுத்த எண்ணை அழுத்தி மறுபடி அவர் கையில் வைத்தாள்.